கோடு மறையும் இடம்

ஓலு நகரில் ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
கடைசி நோயாளி போன பின்
அலமாரியைத் திறந்து அவரை எடுத்து வந்தேன்.

அவர் என்பது ஒரு மண்டை ஓடு.
தாடையோடும் கழுத்தெலும்பு மூன்றோடும்
தெளிந்த பிசினுக்குள் உறைந்தவர்.
சீட்டில் இருப்பது எண் மட்டும்.
எனக்கு முன் இங்கே வேலை பார்த்த யாரோ
வெர்னேரி என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

நெற்றிப்பட்டையை இறுக்கினேன்.
அசையாதீர்கள் என்றேன், வாய்ப் பழக்கம்.

எட்டு மில்லியாம்பியர்.
கீழ்த்தாடைக்குள் நரம்பு போகும் கால்வாய்க்கு
மை தீட்டியதுபோல் இரண்டு கரை.
ஆறு. தெரிகிறது.
நான்கு. தெரிகிறது, மேலே கொஞ்சம் மணல்.
மூன்று. மணலுக்கு அடியில் தெரிகிறது.
இரண்டு. பனி கொட்டும்போது எதிர்ச்சாரி விளக்கு எப்படியோ, அப்படி.
அங்கே ஒன்று உண்டென்று அறிந்தவருக்கு மட்டும்.
ஒன்று.
கரை கலைந்துவிட்டது.

திரும்ப இரண்டு. திரும்ப மூன்று.
கோடு எங்கே மறைகிறது என்று
மூச்சு விடும் ஒருவரை வைத்துத் தேட முடியாது.
இவரோ எத்தனை முறை சுற்றினாலும்
ஏன் என்று கேட்பதில்லை.

டாக்டர் ரவுத்தியோவுக்குப் படம் பளிங்காக இருக்க வேண்டும்.
குறை சொல்ல மாட்டேன்.
பதினான்கு வருடம் முன்பு அவர் பல்லெடுத்த ஒரு பெண்ணுக்கு
உதடு மரத்தது மரத்ததுதான்.
காப்பி வழிவதை இன்றும் அவளுக்கு
எதிரில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.
எட்டு மில்லியாம்பியர் என்பது
அவருடைய பயத்தின் அளவு.

வியாழக்கிழமை தைமி வந்தாள். பத்தொன்பது வயது.
தீயணைப்புப் படையின் இசைக்குழுவில் ட்ராம்போன் ஊதுபவள்.
கீழுதடுதான் அவளுக்குக் கை மாதிரி.
இடது ஞானப்பல் நரம்பை விட்டு எட்ட நின்றது,
சாதாரணப் படமே போதும், அதை விட்டுவிட்டேன்.
எடுக்காத படத்துக்குக் கதிர் கிடையாது.
வலதில் வேரின் மேல் ஒரு கறுப்புப் பட்டை,
கால்வாய் குறுக்கே போகும் அடையாளம்.
அந்தப் பக்கம் மட்டும், கோழிமுட்டை அளவு மட்டும்.

"ஈய அங்கி போடவில்லையா?"
கொக்கியில் அது மாட்டியபடியே கிடந்தது, தோளில் தூசி.
மூடுவதைவிடக் குறுக்குவது மேல் என்றேன்.
"எவ்வளவு படும்?"
ஏறக்குறைய ஒரு நாள். இந்த ஊரில் சும்மா இருந்தாலே
நம் காலடிப் பாறை ஒரு நாளில் தருவது.
"அவ்வளவுதானா? பிறகு எதற்கு இத்தனை கணக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.
கதவு மூடிய பிறகு வந்தது:
உனக்கு ஒரு நாள். உனக்குப் பின்னால்
செருப்புறை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறவனுக்கு ஒரு நாள்.
மார்ச் வரை நிரம்பிய பட்டியல்.
அதற்குள் அவள் பேருந்து ஏறியிருப்பாள்.

ரவுத்தியோ திரைக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனார்.
"மணலாக இருக்கிறது."
நான் பேசவில்லை.
அறை விளக்கை அணைத்தார். மறுபடி பார்த்தார்.
இருட்டில் பார்க்கத் தெரியாதவர்கள்
இந்த ஊரில் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை.
"இதோ. இங்கே கரை உடைந்திருக்கிறது,
வேர் நரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது."
விரல் அந்த இடத்திலேயே நின்றது.
"தலையை மட்டும் வெட்டலாம். வேர் உள்ளே கிடக்கட்டும்."
கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்,
"எத்தனையில் எடுத்தாய்?"
மூன்று.
"ம்."

ஏட்டில் எழுதினேன்.
பழைய பக்கத்தின் எட்டுகளுக்குக் கீழே
என் மூன்று, கொஞ்சம் கோணலாக.

போகும் முன் வெர்னேரியைத் துடைத்தேன்.
பிசினில் என் கைரேகை படிந்திருந்தது.
நான்கு ஞானப்பற்களும் அப்படியே இருக்கின்றன அவருக்கு,
ஒன்று சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டுகிறது.
வலித்திருக்கும்.
எந்த ஊரில், எந்த வருடம்,
யாரும் படம் எடுக்கவில்லை.